திரையும் திண்ணையும்



இப்பேச்சை நான் நிகழ்த்தும் அறையில் ஒரு மேசை இருக்கிறது. அதன்மேல் ஓர் ஒலிவாங்கி இருக்கிறது. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நிலையத்தின் பொறியாளர் ஒருவர் அமர்ந்திருக்கிறார். கேட்கின்ற நீங்கள் மட்டும் இங்கே இல்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்று கணக்குப் பாடம் நடத்திய எனக்கு இது சற்றுத் திகைப்பாகவே இருக்கிறது. வகுப்பறையில் ஒரு படியைக் கடந்து அடுத்த படிக்குச் செல்லுமுன் மாணவர் முகங்களைப் பார்ப்பது என் வழக்கம். மூன்றாம் வரிசையில் ஒருவன் புருவத்தைச் சுருக்கினால் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவேன். இங்கே யாருடைய புருவமும் எனக்குத் தெரியவில்லை. நீங்கள் கொட்டாவி விட்டாலும் நான் பேசிக்கொண்டேதான் இருப்பேன்! ஆயினும், நான் ஒருவன் பேச, பல ஊர்களில் உள்ள பல்லாயிரவர் கேட்கிறீர்கள். எந்த வகுப்பறையும் இத்தனை பேரைக் கொள்ளாது. தொலைவிலிருந்து கற்பித்தலின் சிறுமை அது; பெருமை இது. இரண்டையும் ஒருங்கே எடைபோட்டுப் பார்ப்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

2025-ஆம் ஆண்டு மே மாதத்தில், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்த வாரத்தில், என் பழைய மாணவன் ஒருவன் வீடு தேடி வந்தான். அவன் இப்போது நீரேற்றும் மோட்டார்களைப் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறான். திண்ணையில் அமர்ந்து, சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, வந்த செய்தியைச் சொன்னான். “தங்கை நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள், ஐயா. இருபத்தெட்டுக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள அரசு கலைக் கல்லூரியில் வேதியியல் கிடைக்கும் போலிருக்கிறது. வீட்டிலிருந்தபடியே இணையவழியில் வணிகவியல் பட்டம் படிக்கலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். பேருந்துக்காக விடியலில் ஓட வேண்டாம், வீட்டிலேயே படிக்கட்டும் என்கிறார் அம்மா. எதில் சேர்ப்பது?” என்று கேட்டான்.

அக்கேள்விக்கு நான் உடனே விடை கூறவில்லை. ஒரு காரணம் உண்டு; அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

ஆசிரியர் ஓரிடத்தும் மாணவர் வேறிடத்தும் இருந்து கற்கும் முறை இணையம் வந்த பின்னர்த் தோன்றியது அன்று. இங்கிலாந்தில் 1840-இல் ஒரு பென்னி செலவில் கடிதம் அனுப்பும் வசதி வந்ததும், ஐசக் பிட்மன் என்பார் தமது சுருக்கெழுத்தை அஞ்சல் வழியாகக் கற்பிக்கத் தொடங்கினார். நம் நாட்டில் தில்லிப் பல்கலைக்கழகம் 1962-இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிற்று. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985-இலும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-இலும் பிறந்தன. யானும் முதுகலைப் பட்டத்தை அஞ்சல்வழியில் பெற்றவனே. பழுப்பு நிற உறையில் பாடங்கள் வரும். ஐயம் ஒன்றை எழுதியனுப்பினால் விடை வர மூன்று வாரம் ஆகும். அதற்குள் ஐயமே மறந்து போகும்! இணையம் செய்த புதுமை என்னவெனில், அந்த மூன்று வாரத்தை மூன்று நொடியாக ஆக்கியதே.

இத்தனை வழிகள் இருக்கும்போது, எது நல்ல வழி என்று அளக்க ஓர் அளவுகோல் வேண்டும். அவ்வளவுகோலைத் தேடி நாம் வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரத்திலேயே அது இருக்கிறது. இலக்கணம் கூறப் புகுந்த அவர், அதற்கு முன்னரே ஆசிரியர் யார், மாணாக்கர் யார், பாடம் சொல்வது எப்படி, கேட்பது எப்படி என்றெல்லாம் வகுத்துரைத்தார். கல்வியை நான்கு காற்பங்காகப் பிரித்துக் கொண்டால், ஆசிரியர் சொல்வதை எவ்வளவு செம்மையாகக் கேட்டாலும் மாணவன் பெறுவது ஒரு காற்பங்கே என்பது அவர் கருத்து. உடன் கற்பவரோடு கலந்து பயில்வதால் மற்றொரு காற்பங்கு வரும். கற்றதைப் பிறருக்கு விரித்துரைப்பதால் எஞ்சிய பாதி வரும். எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் பழமையான இக்கணக்கை வைத்துக்கொண்டே திரையையும் வகுப்பறையையும் அளந்து பார்ப்போம்.

முதற் காற்பங்கை எடுத்துக்கொள்வோம். ஆசிரியர் சொல்லக் கேட்பது என்ற அளவில், திரை வகுப்பறைக்குத் தாழ்ந்தது அன்று. சில இடங்களில் உயர்ந்ததும் ஆகும். ஒரு நூலை இருமுறை கேட்டால் பிழை குறையும் என்றும், மும்முறை கேட்டால் முறையாக எடுத்துரைக்கும் ஆற்றல் வரும் என்றும் நன்னூலார் கூறுகிறார். வகுப்பறையில் ஆசிரியர் ஒரு முறைதான் சொல்வார். கேட்டால் இரண்டாம் முறை சொல்வார். மூன்றாம் முறை கேட்க நமக்கே நாணமாக இருக்கும். பதிவு செய்த பாடமோ முப்பது முறை கேட்டாலும் முகம் சுளிப்பதில்லை. மேலும், இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்.பி.டெல். திட்டத்தின் வாயிலாக, அப்பெரு நிறுவனங்களின் பேராசிரியர்கள் நடத்தும் பாடங்களைச் சிற்றூர் மாணவனும் கட்டணமின்றிக் கேட்க முடிகிறது. என் இளமையில் அப்பேராசிரியர்களின் பெயரைக்கூட நாங்கள் கேட்டதில்லை. இது சிறு பேறு அன்று.

ஆயினும் அதே நன்னூல், பாடம் சொல்பவர் தம் மாணவன் எவ்வாறு கொள்கிறான் என்பதை அறிந்து, அவன் உள்ளம் கொள்ளுமாறு சொல்ல வேண்டும் என்றும் விதிக்கிறது. பதிவு செய்த பாடம் எல்லோருக்கும் ஒன்றையே சொல்லும். நேரலை வகுப்பில் ஆசிரியர் மறுமுனையில் இருக்கிறார் என்பது உண்மையே; ஆனால் அவருக்குத் தெரிவன பெரும்பாலும் முகங்கள் அல்ல; பெயர் எழுதிய கறுப்புக் கட்டங்கள்.

இப்போது நான் முன்னர்ச் சொல்லாது விட்ட காரணத்தைச் சொல்ல வேண்டும்.

2020 மார்ச் மாதத்தில் பெருந்தொற்றினால் பள்ளிகளும் கல்லூரிகளும் மூடப்பட்டன. உலகெங்கும் 190-க்கும் மேற்பட்ட நாடுகளில், 150 கோடி மாணவர்க்கு மேல் அவ்வாண்டில் வகுப்பறையை இழந்தனர் என்று யுனெஸ்கோ நிறுவனம் கணக்கிட்டது. என்னைத் தேடி வந்த அதே இளைஞன் அவ்வாண்டு எங்கள் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, கல்லூரியில் கணிதப் பட்ட வகுப்பில் சேர்ந்திருந்தான். கணக்கில் எங்கள் பள்ளியின் முதல் மாணவன் அவனே. வகுப்புகள் செல்பேசியில் நடந்தன. எங்கள் ஊரில் அலைவரிசை ஒழுங்காகக் கிடைக்கும் இடம் ஏரிக்கரையில் உள்ள வேப்பமரத்தடி ஒன்றுதான். நாள்தோறும் அவன் அங்கே வந்து அமர்வான். கார்த்திகை மழையில் ஒரு கையில் குடையும் ஒரு கையில் செல்பேசியுமாக அவன் இருந்த கோலம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. காலை நடைக்குச் செல்லும் நான், “பாடம் எப்படிப் போகிறது, தம்பி?” என்று கேட்பேன். “நன்றாகப் போகிறது, ஐயா” என்பான். என் மாணவனின் ஊக்கத்தைக் கண்டு பெருமிதத்தோடு நடந்து செல்வேன்.

2021 பிப்ரவரியில் கல்லூரி திறந்தது. நான்கைந்து நாட்கள் போனான், பிறகு போகவில்லை. காரணத்தை நான் அறிந்தது நெடுநாள் கழித்தே. மூன்றாம் வாரத்திலேயே அவனுக்குப் பாடம் விளங்குவது நின்றுவிட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் தமிழில் படித்தவனுக்குக் கல்லூரிப் பாடம் ஆங்கிலத்தில் வந்தது. இரு சார்புகளின் பெருக்கத்தைப் பலமுறை வகையிடுவதற்கு லைப்னிட்ஸ் தேற்றம் என்று ஒன்று உண்டு. அதன் வாயிலில் அவன் நின்றுவிட்டான். அதற்கு மேல் வந்தவை யாவும் அதன்மேல் எழுந்த மாடிகள். ஆனாலும் நாள்தோறும் வந்து அமர்ந்தான். வருகைப் பதிவேட்டில் ஒரு நாளும் அவன் பெயர் விடுபடவில்லை. “ஆசிரியரைக் கேட்டிருக்கலாமே” என்றேன். அவன் சொன்ன விடை என்னைச் சிந்திக்க வைத்தது. “அங்கே வாய் திறந்தால் அறுபது பேருக்கும் கேட்கும், ஐயா. பக்கத்தில் இருப்பவனிடம் மெல்லக் கேட்க வழியில்லை” என்றான்.

நண்பர்களே! இதனை ஊன்றிப் பாருங்கள். வகுப்பறையில் கேள்விகள் இருவகை. எழுந்து நின்று ஆசிரியரைக் கேட்பது ஒன்று. அருகில் இருப்பவனின் காதோடு கேட்பது மற்றொன்று. முன்னதைத் துணிவுடையவரே கேட்பர். பின்னதை எல்லோரும் கேட்பர். அரைகுறை அறிவோடு அவன் சொல்லும் விடை சில வேளைகளில் ஆசிரியரின் முழு விடையினும் நன்றாக விளங்கும். ஏனெனில், அவனும் நேற்றுத்தான் அதே பள்ளத்தில் விழுந்து எழுந்தவன். திரை முன்னதை வைத்துக்கொண்டு பின்னதை எடுத்துவிட்டது. நன்னூலார் சொன்ன இரண்டாம் காற்பங்கு அவ்விளைஞனுக்குக் கிட்டவே இல்லை. அது இன்மையால் முதற் காற்பங்கும் கரைந்து போயிற்று.

என் பிழையையும் மறைக்கலாகாது. முப்பத்தைந்து ஆண்டுகள் முகம் பார்த்துப் பழகியவன் நான். அம்மரத்தடியில் ஒருநாள் நின்று, “எங்கே, இன்று நடந்த பாடத்தைச் சொல், பார்ப்போம்” என்று கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் உண்மை வெளிப்பட்டிருக்கும். கேட்காமல் போனேன். நீரில் தத்தளித்தவனைக் கரையிலிருந்து கண்டு, நன்றாக நீந்துகிறான் என்று மகிழ்ந்தவன் கதைதான் என் கதை.

உடன் கற்பவரின் ஆற்றலுக்கு வானொலி வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. 1956-இல் புனே வானொலி நிலையம் உழவர்க்கென ஒரு சோதனை நிகழ்ச்சியை நடத்தியது. வாரத்திற்கு இருமுறையாகப் பத்து வாரங்கள் நிகழ்ச்சிகள் ஒலிபரப்பாயின. ஏறத்தாழ 150 சிற்றூர்களில் உழவர்கள் குழுவாகக் கூடிக் கேட்டு, கேட்டதைப் பற்றித் தமக்குள் விவாதித்து, ஐயங்களை நிலையத்திற்கு எழுதியனுப்பினர். ஆய்வாளர்கள் அவ்வூர்களைக் குழு அமைக்காத ஊர்களோடு ஒப்பிட்டனர். குழுவாகக் கூடிய ஊர்களில் அறிவு வளர்ச்சி தெளிவாகத் தெரிந்தது. வானொலிப் பெட்டி இருந்தும் குழு இல்லாத ஊர்களில் அத்தகைய வளர்ச்சி இல்லை. இவ்வேறுபாட்டை உண்டாக்கியது ஒலிபரப்பு அன்று. மரத்தடியில் நடந்த உரையாடலே.

மூன்றாவதாக, கற்றதைப் பிறருக்கு விரித்துரைப்பது. கல்லூரியில் இது யாரும் திட்டமிடாமலே நடக்கிறது. தேர்வுக்கு முன்னிரவில் விடுதி அறையில் ஒருவன் மற்றவனுக்குப் பாடம் சொல்கிறான். பேருந்தில் ஒருத்தி தோழிக்குச் சூத்திரத்தை விளக்குகிறாள். கேட்பவருக்கு வரும் பயனைவிடச் சொல்பவருக்கு வரும் பயன் பெரிது. பேருந்துக்குச் செலவிடும் நேரம் வீண் என்கிறோம்; அது முழுவதும் வீண் அன்று. திரையின் முன் தனித்து அமர்ந்தவன் இப்பாதியைப் பெற விரும்பினால், அதனைத் தானே முயன்று தேடிக்கொள்ள வேண்டும்.

நன்னூலார் இலக்கணம் கற்பதைப் பற்றிக் கூறினார். ஆய்வுக்கூடத்தைப் பற்றிக் கூறவில்லை. அதை நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும். அமிலத்தில் காரத்தைத் துளித்துளியாக விட்டு, பினாப்தலீன் சேர்த்த கரைசல் நிறமற்ற நிலையிலிருந்து வெளிர் இளஞ்சிவப்பாக மாறும் அந்த ஒரு துளியில் குழாயை மூட வேண்டும். ஒரு துளி மிகுந்தாலும் கணக்குப் பிழைக்கும். அதனைத் திரையில் நூறு முறை பார்க்கலாம். ஆனால் அங்கே குழாயை மூடுவது வேறொருவர் கை. இது பற்றியே பல்கலைக்கழக மானியக் குழு 2020-இல் வகுத்த விதிகளின்படி மருத்துவம், செவிலியம், பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளை இணையவழியில் முழுமையாக நடத்த இசைவு தரவில்லை.

இவ்வளவும் கேட்டபின், திரை வேண்டாம் என்பது என் முடிவு என நீங்கள் எண்ணலாம். அவ்வாறு சொன்னால் நான் நடுவு நிலைமை தவறியவன் ஆவேன். நெருக்கடியில் ஒரே இரவில் செல்பேசிக்கு மாற்றிய வகுப்பு வேறு. தொடக்கம் முதலே இணையத்திற்கென எண்ணி அமைத்த படிப்பு வேறு. புயலில் ஒதுங்கிய குடிசையைக் கொண்டு வீடு கட்டும் கலையை எடை போடலாமா? சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தரவு அறிவியலில் ஒரு பட்டப் படிப்பைத் தொடங்கியது. அதில் பாடம் இணையத்தில். தேர்வோ மையங்களில் நேரில். பயிற்சிக் கணக்குகளும் ஐயம் தீர்க்கும் வகுப்புகளும் வாரந்தோறும் உண்டு. இது நன்கு எண்ணிச் செய்த ஏற்பாடு.

அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 2012-இல் மின்சுற்றுகளைப் பற்றிய பாடம் ஒன்றை உலகத்தார் அனைவருக்கும் இணையத்தில் திறந்து வைத்தது. ஏறத்தாழ 1,55,000 பேர் பெயர் பதிந்தனர். தேறியவர் 7,157 பேர். நூற்றுக்கு ஐவர் கூட இல்லை. இதைக் காட்டிச் சிலர் எள்ளி நகைத்தனர். ஆனால், எட்டிப் பார்த்துப் போக வந்தவர்களும் அக்கூட்டத்தில் பலர். அன்றியும், ஒரு பேராசிரியர் தம் வாழ்நாள் முழுவதும் கற்பித்தாலும் 7,157 பேரைத் தேற்றுவது அரிது. ஒரே எண் இரு முகம் காட்டுகிறது: வாயில் அகலமானது, துணையின்றி வழி முழுவதும் நடப்பவர் சிலரே.

அவ்வாறு நடக்கக்கூடியவர் யாவர்? வேலையை விட முடியாதவர். கைக்குழந்தையை விட்டு வர இயலாத தாய். படியேற முடியாத உடற்குறை உடையவர். ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்று, கற்பது எப்படி என்பதை ஒருமுறை கற்றுக்கொண்டவர். இவர்களுக்குத் திரை, வகுப்பறைக்கு மாற்று அன்று. மூடிய கதவுக்கு மாற்று. வகுப்பறையே உயர்ந்தது என்று இவர்களிடம் சொல்வது, பசித்தவனிடம் விருந்தின் சுவையைப் பேசுவது போன்றதாகும்.

ஆகவே, எது உயர்ந்தது என்று பொதுவாகக் கேட்பதைவிட, கற்பவர் யார், கற்பது என்ன, ஐயம் வந்தால் யாரிடம் கேட்பார், கற்றதை யாரிடம் சொல்வார் என்ற நான்கையும் கேட்பதே முறை. இந்நான்கையும் அந்த இளைஞனோடு சேர்ந்து நான் கேட்டுப் பார்த்தேன். தங்கைக்கு வயது பதினேழு. குடும்பத்தில் கல்லூரிப் படிப்பை முடிக்கப் போகும் முதற்பெண். அவள் விரும்புவது வேதியியல். வீட்டில் ஐயம் தீர்ப்பார் இல்லை. வீட்டிலேயே இருந்தால் அடுப்பும் தண்ணீர்க் குடமும் பாடத்திற்கு இடையில் அவளை அழைத்துக்கொண்டே இருக்கும். பெண் பிள்ளை வீட்டில் சும்மாதானே இருக்கிறாள் என்று ஊரும் எண்ணும். “அவள் கல்லூரிக்கே போகட்டும்” என்றேன். நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021-இல் வந்ததை எடுத்துச் சொல்லி, அவன் தாயின் கவலையில் பாதியைக் குறைத்தோம். மறுபாதியைத் தீர்க்க, அதே கல்லூரிக்குச் செல்லும் பக்கத்துத் தெருப் பெண்கள் இருவரை அழைத்து வந்து பேச வைத்தோம்.

“சரி, உனக்கு?” என்று கேட்டேன். அவன் சிரித்தான், “எனக்கென்ன, ஐயா” என்றான். அவனுக்கு வயது இருபத்திரண்டு. பட்டறையை விட முடியாது. தங்கைக்குப் பொருந்தாத வழி அவனுக்குப் பொருந்தும் என்றேன். ஆனால் ஒரு கட்டுப்பாடு விதித்தேன்: வாரம் முழுவதும் திரையில் கேட்டதை ஞாயிறுதோறும் என் திண்ணைக்கு வந்து எனக்குச் சொல்ல வேண்டும். இணையவழிப் பட்டப் படிப்பு ஒன்றில் சேர்ந்திருக்கிறான். பட்டறையில் உடன் வேலை செய்யும் ஒருவனும் இப்போது அவனோடு வருகிறான். சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று, சுண்ணக்கட்டியால் என் திண்ணைத் தரையில் எழுதி, லைப்னிட்ஸ் தேற்றத்தில் வரும் குணகங்கள் ஈருறுப்புத் தேற்றத்தில் நாம் கண்ட அதே எண்கள்தாம் என்பதை எனக்கு விளக்கினான். அது எனக்கு நாற்பது ஆண்டுகளாகத் தெரிந்த செய்திதான். ஆயினும் இடையிடையே, “அது எப்படி?” என்று கேட்டேன். அவன் பொறுமையோடு மீண்டும் முதலிலிருந்து தொடங்கினான்.

மாணவர்களே! கல்லூரிக்குச் செல்வோர் அங்கே ஆசிரியர் சொல்வதைக் குறித்துக்கொண்டு திரும்பிவிட்டால், இருபத்தெட்டுக் கிலோமீட்டர் பயணம் செய்து ஒரு காற்பங்கை மட்டும் வாங்கி வந்தவர் ஆவீர்கள். அந்தக் காற்பங்கு உங்கள் சட்டைப்பையில் உள்ள செல்பேசியிலேயே கிடைக்கும். இணையவழியில் கற்போர், உங்களைப் போன்ற இருவர் மூவரைத் தேடிப் பிடியுங்கள். ஊர் நூலகத்திலோ கோயில் மண்டபத்திலோ வாரம் ஒருமுறை கூடுங்கள். விளங்காததை விளங்கவில்லை என்று வெளிப்படச் சொல்லுங்கள். விளங்கியதை வீட்டில் உள்ளவர்க்கேனும் எடுத்துச் சொல்லுங்கள். திரையின் முன் தனியே அமர்ந்திருக்கும் பிள்ளை ஒன்று உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால், “பாடம் எப்படிப் போகிறது?” என்று கேட்டு நகர்ந்துவிடாதீர்கள். “இன்று என்ன படித்தாய்? எனக்குச் சொல்” என்று கேட்டு, அருகில் அமருங்கள்.